எட்டாவது மரம்

சாந்தாமேரி டீச்சர் ஏரிக்கொல்லையில் வந்து இறங்கியது எழுபத்தொன்றாம் வருஷம், ஒரு தகரப் பெட்டியும் கழுத்தில் தொங்கிய விசிலுமாக. ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையைப் பார்த்து நடந்தால் வருகிற கடைசி ஊர் அது. அதற்கு மேல் ஜவ்வாது மலைதான். நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்கு டிரில் டீச்சராக ஒரு பொம்பளையை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. இந்தம்மா ஊதுகிற விசிலுக்கு ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களின் பெண்பிள்ளைகளே அடுத்த வருஷம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோகோ ஆடினார்கள் என்பது வேறு விஷயம்.

டிரில் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் இளப்பம். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் வகுப்பை மேய்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் நாற்காலி தூக்க வேண்டும், ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்ட வேண்டும். சாந்தாமேரி டீச்சர் இதில் எதையும் செய்யவில்லை. மாட்டேன் என்று சண்டை போடவும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆள் அகப்பட மாட்டார், அவ்வளவுதான். தேடிப் போனால் மைதானத்தில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருப்பார்.

மைதானம் என்று சொல்வது மரியாதைக்கு. கல்லும் முள்ளும் கிடந்த பொட்டல் அது. நிழல் என்று பார்த்தால் கொடிக்கம்பத்தின் நிழல் ஒன்றுதான். கோகோவில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி உட்கார வேண்டும். அந்த வெயிலில் அந்தத் தரையில் குந்தினால் பாதம் வெந்துபோகும். முதல் நாளே ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அன்று சாயங்காலமே டீச்சர் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு மரப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. பிறந்து வளர்ந்தது வாணியம்பாடியில். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. சின்ன வயதில் அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. பிறகு கரித்தது. பிறகு வாயில் வைக்க முடியாமல் போனது. கிணற்றடியில் நின்ற வேப்பமரம் நின்றபடியே பட்டுப்போயிற்று. அப்பா அதைப் பார்த்துவிட்டு மறுநாளும் அதே வேலைக்குப் போனார். வீட்டுக்குச் சோறு அங்கிருந்துதானே வந்தது. மண்ணும் தண்ணீரும் இப்படியெல்லாம் சாகும் என்று பிள்ளையாக இருக்கும்போதே யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும் என்று டீச்சர் முழுசாக நம்பினார். நல்லதைச் சொல்லிக்கொடுத்தால் நல்லதுதான் நடக்கும் என்று நம்புகிறவர்களை எனக்கும் பிடிக்கும். ஆனால் பாவம், அவர்கள்தான் ரொம்பவும் அடிபடுகிறார்கள்.

அவர் வைத்த சட்டங்களைக் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பு வரும். காலியான பால்பவுடர் டின்களில் கன்று வளர்த்து, ஆட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுப்பார். ஆடி முடித்ததும் கைகால் கழுவுவது அவரவர் கன்றின் தூரில்தான். வேறு இடத்தில் ஒரு சொட்டு சிந்தினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். நடுவதற்கும் ஒரு முறை உண்டு. கன்றை வைத்து மண்ணைத் தள்ளிய பிறகு காலால் மிதிக்கக் கூடாது. மண்டி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தூரைச் சுற்றி மெதுவாக அழுத்த வேண்டும். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல என்று சொல்லி, அவரே மண்டி போட்டுக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. மரம் இல்லாதவளுக்கு மேட்ச் கிடையாது.

டிரில்லுக்கு எண்ணுகிற எண்ணையும் அவர் மாற்றிவிட்டார். ஒன், டூ, த்ரீ கிடையாது. இந்த மலையில் நிற்கிற எட்டு மரத்தின் பெயர் சொல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டார். வேம்பு, புங்கன், நாவல், நெல்லி, புளி, கடுக்கா, இலுப்பை என்று மளமளவென்று வந்தது. எட்டாவதற்கு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சந்தனத்துக்குப் பேர் போன மலையடியில் ஒரு பிள்ளையின் வாயிலும் சந்தனம் வரவில்லை. டீச்சருக்கு வேடிக்கையாக இருந்தது. அவரே அதை எட்டாவதாகச் சேர்த்தார். தினமும் காலையில் வேம்புக்குக் கை மேலே போகும், புங்கனுக்குப் பக்கவாட்டில் விரியும், இப்படியே போய் எட்டாவதில் கை கீழே இறங்கும். அந்த எட்டாவதில் மட்டும் பிள்ளைகளின் குரலும் சேர்ந்து இறங்கிவிடும். தலைமை ஆசிரியர் சந்தியாகப்பன் உள்ளூர்க்காரர். எட்டாவதுக்கு வேறு மரம் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, சும்மாதான் என்று எழுந்து போய்விட்டார். அந்த மனுஷன் அன்றைக்கு வாயைத் திறந்து முழுசாகச் சொல்லியிருக்கலாம்.

சொல்லாமல் விட்டது இதுதான். அந்த அடிவாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொல்லையிலோ வேலியிலோ பறவை எச்சமிட்டுச் சந்தனம் முளைத்தால், பார்த்த அன்றைக்கே பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவார்கள். பிடுங்கியதை யாரிடமும் சொல்வதும் இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்வார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்தவருக்குச் சந்தனம் என்றால் கல்யாண வீட்டு வாசலில் கிண்ணத்தில் வைப்பதுதான்.

வடிவு என்று ஒரு பெண். ஆறாம் வகுப்பு. கோகோவில் அவளைத் துரத்திப் பிடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பிடித்துவிட்டோம் என்று நினைக்கிற கணத்தில் இடுப்பை ஒடித்து நழுவிவிடுவாள். எழுபத்துமூன்றில் வேலூரில் மாவட்டப் போட்டி வந்தது. அவள் இல்லாமல் போவதும் ஒன்று, போகாமலிருப்பதும் ஒன்று. ஆனால் வடிவு நட்ட கன்று ஒவ்வொன்றும் காய்ந்துபோனது. லீவு விட்டால் அவள் அப்பாவோடு ஆடு ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. டீச்சர் அசையவில்லை. சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தான். வடிவு கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு ஒரு சாயங்காலம் டீச்சரிடம் வந்து, யாரும் பக்கத்தில் இல்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க கொல்லையில ஒரு மரம் கீது டீச்சர். நான்தான் காப்பாத்திகினு வர்றேன். எட்டாவது மரம்."

டீச்சர் அந்தச் சனிக்கிழமையே போனார். கிளுவை வேலிக்குள், முள்ளை ஒதுக்கிப் பார்த்தால், முழங்கால் உயரத்தில் வெளிர்ப்பச்சை இலையோடு நின்றது. அப்பா கண்ணில் படாமலிருக்க வடிவு அதன் மேல் காய்ந்த முள்ளைப் போட்டு மூடி வைத்திருந்தாள். எந்தச் செடியையும் பிடுங்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாரே, அதனால்தானாம். டீச்சர் பெருமையோடு அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் கருப்பன் வந்தார். வடிவின் அப்பா. அரை ஏக்கர் மேட்டு நிலமும் கொஞ்சம் ஆடுகளும்தான் அவருடைய சொத்து. வேலிக்குள் நின்றதைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துவிட்டது. குனிந்து அதன் தூரைப் பிடித்தார். வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் நடுவில் வந்து நின்றார்.

"இது நம்ம மரம் இல்லீங்க டீச்சர்," என்றார் கருப்பன். "நின்னா கெவுருமெண்டு மரம். காணாமப் போச்சுன்னா அப்பதான் நம்ம மரம்."

சந்தனம் யார் கொல்லையில் நின்றாலும் சர்க்காருடையது, களவு போனால் கொல்லைக்காரனைத்தான் பிடிப்பார்கள் என்பது டீச்சருக்கு ஒரு பயந்த மனுஷனின் பேச்சாகத்தான் பட்டது. ஒரு செடியை வளர்த்ததற்காக யாரையாவது யாராவது பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டார். பெண் வேலூருக்குப் போக வேண்டும், இந்த மரம் இருந்தால்தான் போக முடியும் என்றார். கருப்பனின் மனைவி குப்பம்மாவும் பொண்ணு ஆசைப்படுகிறதே என்று இழுத்தாள். கருப்பன் செடியையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் டீச்சர் சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் அவர் கையை எடுத்தார்.

"எதுனா வந்துச்சுன்னா நான் வந்து பேசறேன். என்னை நம்புங்க."

வேலூரில் பிள்ளைகள் இரண்டாவதாக வந்தார்கள். வடிவுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, டீச்சர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். டீச்சரின் ஆயுசில் அதைவிடச் சந்தோஷமான நாள் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

வருஷங்கள் ஓடின. எட்டாவது முடிந்ததும் வடிவின் படிப்பு நின்றது. மேலே படிக்க வையுங்கள் என்று டீச்சர் நடையாய் நடந்தும் ஒன்றும் நடக்கவில்லை. சந்தவாசல் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். டீச்சருக்குக் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே ஆளில்லாமல் போனது. மைதானத்தைச் சுற்றிப் புங்கனும் வேம்பும் கூடி நின்றன. வெயிலில் மயங்கி விழுந்த கதையைச் சொன்னால் புதுப் பிள்ளைகள் நம்பவில்லை. ஊர் அவரை இப்போது கேலி செய்வதில்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், எங்கள் டீச்சர் போட்ட நிழல் என்று கூட்டி வந்து காட்டினார்கள்.

கருப்பன் கொல்லையில் மரமும் வளர்ந்தது. விட்டுவிட்ட பிறகு அவரால் அரைகுறையாகச் செய்ய முடியவில்லை. ஆடு கடிக்காமல் முள் கட்டினார். கோடையில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். ஆள் உயரம் தாண்டியதும், வழியில் போகிறவன் கண்ணில் படக்கூடாதென்று அவரைக் கொடியை அதன் மேல் ஏற்றிவிட்டார். தூரில் சாணியைப் பூசி வைத்தார். பெண் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அந்த மரத்தைத்தான் அவர் பார்த்துப் பார்த்து வளர்த்தார்.

மறைத்து வைத்த அதே மரத்தை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டியது டீச்சர்தான். ஆட்டத்தில் சேர்ந்த புதுப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போவார். அவரைக் கொடியை விலக்கி, இதுதான் வடிவு அக்கா மரம் என்பார். ஒரு பிள்ளை மனசு வைத்தால் என்ன நடக்கும் பாருங்கள் என்பார். கருப்பன் தள்ளி நின்று சங்கடமாகச் சிரிப்பார். வேண்டாம் என்று டீச்சரிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். வீட்டில் கேட்டவர்கள் சந்தையில் சொல்லியிருப்பார்கள். ஆலங்காயத்துச் சந்தையில் சொன்னது, மரம் கடத்துகிறவர்கள் நடமாடுகிற ஒடுகத்தூர் வரைக்கும் போகாது என்று யார் கண்டது?

எண்பத்தாறு மாசி மாதத்தில் ஒருநாள் விடிந்தபோது மரம் இல்லை. வெட்டினவர்கள் வெட்டியதோடு போகவில்லை. சந்தனத்தில் வேருக்குத்தான் மவுசு, அதனால் வேரோடு தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். வேலி கிழிந்து, கொல்லையில் ஒரு பள்ளம் கிடந்தது. அவரைக் கொடி அதன் ஓரத்தில் காய்த்தபடியே சுருண்டு கிடந்தது. பள்ளத்தை மூடக்கூடக் கருப்பனுக்கு நேரம் கொடுக்காமல் ஃபாரஸ்ட்காரர்களின் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதை யாரும் மறுக்க முடியாது. மறுநாளே பஸ் ஏறிப் போய், ஃபாரஸ்ட் ஆபீஸ் வாசலில் மத்தியானம்வரை காத்து நின்று, உள்ளே போய்ப் பேசினார். எல்லாவற்றையும் சொன்னார். பறவை போட்டது முதல், வடிவு முள்ளால் மூடி வைத்தது, கருப்பன் தண்ணீர் ஊற்றியது, கொடி ஏற்றியது, சாணி பூசியது வரைக்கும் ஒன்று விடாமல், பெருமையாகவே சொன்னார். அந்த மனுஷன் எவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினார் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"அப்ப கொடி ஏத்தி மறைச்சு வெச்சது கருப்பன்தான்னு நீங்களே சொல்றீங்க," என்றார் அவர். "விலை தெரியாதவன் எதுக்கு டீச்சர் மறைக்கிறான்?"

 ஃபைலை மூடிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். வீடு திரும்புகிற பஸ்ஸில்தான் தான் என்ன செய்துவிட்டு வருகிறோம் என்பது அவருக்கு முழுசாக உறைத்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டது அவர் காதில் விழவில்லை.

கருப்பன் சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இடது காது கேட்கவில்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அதன் பிறகு திருப்பத்தூர் கோர்ட்டுக்கு அலைச்சல். வாய்தா வாய்தாவாக இரண்டு வருஷம் இழுத்தது. ஆடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில், சாட்சி இல்லை என்று விட்டார்கள். விட்டார்களே தவிர, அவர் திருடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. திருடின ஆள் யார் என்பது இன்றுவரை தெரியாது.

ஊரில் யாரும் டீச்சரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டில் நட்டு வைத்த கன்றுகளை மட்டும் அப்பாமார்கள் போய்ப் பார்த்தார்கள். வேலியோரம் அரிவாள் சத்தம் கேட்டது. சந்தனம்தான் என்றில்லை, என்ன செடி என்று தெரியாததெல்லாம் போயிற்று. ஒரு வீட்டில் நாவல் கன்றுகூடப் போனது. காலை டிரில்லில் வேம்பு, புங்கன், நாவல் என்று வந்து இலுப்பையோடு பிள்ளைகளின் குரல் நின்றுவிடும். எட்டாவதற்குக் கையை மட்டும் இறக்குவார்கள். சொல்லச் சொல்லி டீச்சர் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பார்.

கருப்பன் வீட்டுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. வழக்கு முடிந்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு நாள்தான் போனார். வடிவு வந்திருந்தாள். அம்மாவுக்கும் முடியவில்லை என்று பிள்ளைகளைச் சந்தவாசலில் விட்டுவிட்டு வந்திருந்தாளாம். முகத்தில் எலும்பு தெரிந்தது. டீச்சரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அந்த எவர்சில்வர் டம்ளரில். வேறு டம்ளர் வீட்டில் இல்லை போலும். டீச்சர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். கேட்கிற காது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறினார்.

கருப்பன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "இப்டி வாங்க டீச்சர்" என்று கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளம் பாதி தூர்ந்திருந்தது. அதன் ஓரத்தில், தோண்டினவர்கள் விட்டுப்போன ஏதோ ஒரு வேர்த்துண்டிலிருந்து, ஒரு சாண் உயரத்துக்கு வெளிர்ப்பச்சையாகத் துளிர்த்திருந்தது. டீச்சருக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பழைய சந்தோஷம் வந்தது. அதற்காகப் பிறகு எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறார்.

"போன மாசமே பாத்துட்டேன்," என்றார் கருப்பன். "புடுங்கிடலாம்னு வந்து குந்தினேன். கை வர்ல. அத்தினி வருசம் தண்ணி ஊத்தின கை." துளிரைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "அன்னிக்கு நீங்க சொல்லித்தான் வுட்டேன். இன்னிக்கு நீங்களே புடுங்கிட்டுப் போய்டுங்க டீச்சர்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். டீச்சர் வடிவைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அப்பாவின் கையைப் பிடித்தாளே, அதுபோல இன்றைக்கு டீச்சரின் கையைப் பிடித்தால் போதும். வடிவு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் மண்டி போட்டார். வெடுக்கென்று இழுத்தால் தண்டு ஒடிந்து வேர் உள்ளேயே நின்றுவிடும், மறுபடி துளிர்க்கும். அது அவருக்குத் தெரியும். அதனால் விரலால் மண்ணைச் சுற்றிலும் பறித்து, வேரைத் தளர்த்தி, அந்தத் துண்டோடு சேர்த்து முழுசாக எடுத்தார். ஆயிரம் கன்றை எடுத்து நட்ட கை. எப்படி எடுத்தால் செடிக்கு வலிக்காதோ அப்படித்தான் அதற்கு எடுக்கத் தெரிந்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஈரமண் வாசனைதான் வந்தது. இளசில் சந்தனத்துக்கு வாசனை கிடையாது. டீச்சர் அழுதார். முப்பது பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிறவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இங்க போடாதீங்க," என்றார் கருப்பன். "அடுப்புல வெச்சிடச் சொல்லுங்க." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

வடிவு பக்கத்தில் வந்தாள். டீச்சர் கையிலிருந்து அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மண்டி போட்டாள். டீச்சர் பறித்த குழியில் மண்ணைத் தள்ளினாள். காலால் மிதிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, சுற்றிலும், மெதுவாக, குழந்தையைத் தட்டுவதுபோல அழுத்தினாள். அழுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டப் போனாள்.